உடுப்பவரே உடைக்கு உரியவர்

புதுச்சேரி நகரின் வடபால் அமைந்த முத்தியால்பேட்டை, நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த ஊர். சோழமண்டலக் கரையின் துணியை நாடி வந்த பிரெஞ்சு வணிகக் குழுமத்தார்க்கு 18-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் கையே உயிர்நிலையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் நீலத்துணி கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கு அஃது ஆடையாகவும் பண்டமாற்றில் பணம் போலவும் வழங்கிற்று. எங்கோ ஒரு பாலைநிலத்தான் தன் உடலைப் போர்த்துக்கொண்ட துணியில் புதுவைத் தமிழரின் வியர்வை கலந்திருந்தது. அதை எவ்வாறு உடுப்பதென்று நெய்தவரும் கட்டளையிடவில்லை; உடுத்தவரும் கேட்கவில்லை.

நெசவாளர் வீட்டில் பெண் தார் சுற்றுவாள். ஆண் தறிக்குழியில் கால் நுழைத்து அமர்வான். பாவோடும்போது வீடு முழுவதும் தெருவுக்கு வரும். பாவும் ஊடையும் கூடித் துணியாகும்வரை அதற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. தறியினின்று துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை, வெட்டப்பட்டது வேட்டி என மொழிஞாயிறு பாவாணர் வேர்காட்டி விளக்குவார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் கழகப் புலவர் பெயரிலேயே அத்தொழில் நிலைத்துள்ளது. ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் பல அது செய்யப்பட்ட வகையைச் சொல்கின்றனவேயன்றி, இன்னார் உடுக்கலாம், இன்னார் உடுக்கலாகாது என்று சொல்லவில்லை. அத்தடையைப் பின்னர்ச் சேர்த்தது குமுகாயத்தின் மேல்கீழ் வேறுபாடே.

இவ்வேறுபாடு எவ்வளவு கொடிது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. இன்று குமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் உள்ள பகுதி திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது, நாடார் குலப் பெண்டிர் தோளையும் மார்பையும் மறைத்துச் சீலை அணிவதே குற்றமாகக் கொள்ளப்பட்டது. 1829-இல் அரசு அறிவிக்கை வழியாகவே அதற்குத் தடை இட்டது. மறைத்துச் சென்ற பெண்களின் மேலாடை சந்தையிலும் சாலையிலும் கிழித்தெறியப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்திற்கும் 1858, 1859-ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்கும் பின்னரே, 1859 சூலை 26-இல் மன்னர் அவர்கட்கு மேலாடை உரிமை வழங்கினார். அப்போதும், மேற்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது என்ற கட்டு நீங்கவில்லை.

1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதித்தமிழர் மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை உடுத்தலாகாது, சட்டை அணியலாகாது, பெண்டிர் உடலின் மேற்பகுதியை மறைக்கலாகாது, பொன்னும் வெள்ளியும் பூணலாகாது என்பன அவற்றுட் சில. இத்தடைகளை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஓரிடத்தில் பெண் மறைத்தது குற்றம். இன்னோரிடத்தில் அவள் போதிய அளவு மறைக்காதது குற்றம். இவ்விரண்டும் மாறானவைபோல் தோன்றினும் அடிப்படை ஒன்றே: அவள் உடல்மேல் ஆணை செலுத்தும் உரிமை அவளுக்கன்றிப் பிறர்க்கு உண்டு என்பதே அது.

புதுச்சேரியிலும் உடை ஒருவரின் நிலையைக் குறித்த அடையாளமாகவே இருந்தது. சட்டைக்காரர், தொப்பிக்காரர் என உடையைக்கொண்டே இனங்களைப் பெயரிட்டு அழைத்த காலம் அது. 1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பிய முறையிலான காலணி அணிந்து புதுச்சேரி முறைமன்றத்துள் புகுந்தார். உள்நாட்டார் அவ்வாறு புகலாகாது என்பது அற்றை வழக்கம். முறைமன்றம் அவரைத் தண்டித்தது. அவர் பணிந்துபோகவில்லை, பாரிசில் உள்ள உச்ச முறைமன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார். காலில் அணிவதைத் தெரிந்துகொள்ளும் உரிமைக்காக ஒரு தமிழன் ஓர் ஆட்சியின் தலைமன்றத்தையே அசைத்த நிகழ்ச்சி இது. அவர் கேட்டது காலணியை மட்டுமன்று. பிரெஞ்சு வழக்கறிஞருக்கு நிகராக நிற்கும் மதிப்பைக் கேட்டார்.

அவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1881 செப்தம்பர் 21-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தம் குல வழக்கத்தையும் அதன்வழிப்பட்ட தனிநிலைச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போர்க்கு முழுக் குடியுரிமை என்பது அதன் சாரம். துறந்தோர் குடும்பப் பெயர் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பலர் பிரெஞ்சுப் பெயர் கொண்டனர். பொன்னுத்தம்பி பிள்ளையே லபோர்த்து ஆனார். காலணி அணிந்தபோது அவர் தமிழராகவே இருந்தார். காலணியால் அவர் எதையும் இழக்கவில்லை. தமிழுக்கு இழப்பு நேர்ந்தது பெயரில். தமிழ்ப்பற்றாளர் காவல் நிற்க வேண்டிய இடம் உடையா, மொழியா என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு விடை தருகின்றது.

பெயரைத் துறந்தவர்மேல் மட்டும் பழிபோடுதலும் முறையாகாது. துறந்தோருள் பலர் சாதிக் கொடுமையால் நசுக்கப்பட்ட குடியினர். பிறந்த குமுகாயம் தராத மதிப்பை வேற்று நாட்டான் சட்டத்தில் தேடினர். சொந்த வீட்டார் திண்ணையில் அமரவிடாதபோது அயல்வீட்டான் நாற்காலி இட்டால், அமர்ந்தவனை எவ்வாறு குறைசொல்வது? மாந்தனை மாந்தனாக மதியாத இனம், தன் மக்களைத் தானே வெளியே தள்ளுகின்றது. இதை நினைவிற்கொண்டே இற்றை நிலையை நோக்குதல் வேண்டும்.

இன்று தமிழ்ப் பண்பாடு கெட்டது என்ற கூக்குரல் எழும்போதெல்லாம் சுட்டுவிரல் பெண்ணின் உடையை நோக்கியே நீள்கின்றது. ஆடவன் காற்சட்டைக்கு மாறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் அவன் ஐரோப்பிய உடையிலேயே செல்கின்றான். அவன் உடுக்கும் தைத்த சட்டையும் பழைமையில் தமிழ் ஆடவனுக்குரிய பொதுவுடையன்று. முல்லைப்பாட்டில் மெய்ப்பை எனப்படும் சட்டையை அணிந்து நிற்பவன் யவனன். அத்தகைய சட்டையைத் தமிழன் தனதாக்கிக்கொண்டதால் தமிழ் அழியவில்லை. அவ்வாறாயின் அவன் உடன்பிறந்தாள் காற்சட்டை அணிந்தால் மட்டும் தமிழ் எவ்வாறு அழியும்? உடைமாற்றம் ஆணுக்கு நாகரிகம், பெண்ணுக்குச் சீர்கேடு என்பது பண்பாட்டுப் பற்றன்று. ஆணாட்சி பண்பாட்டின் பெயரைக் கடன்வாங்கிப் பேசும் பேச்சு.

தொன்மை என்று காக்கப்படுவதன் அகவையையும் அளந்து பார்த்தல் நன்று. முன்கொசுவம் வைத்து, உள்பாவாடையும் இரவிக்கையும் அணிந்து உடுக்கும் இற்றைப் புடவைக் கட்டு தமிழகத்தில் பரவலானது அண்மைக் காலத்திலேயே. பின்கொசுவம் வைத்துக் கட்டியவரும், இரவிக்கையே அணியாதவருமான பாட்டிமார் 20-ஆம் நூற்றாண்டிலும் ஊர்தோறும் வாழ்ந்தனர். அவர்களை எவரும் தமிழ்ப் பண்பாடு அறியாதவர் என்றதில்லை. இன்று அவர்தம் பெயர்த்தி அதேபோல் தோள் தெரிய நின்றால் ஊர் கூடுகின்றது. மாறியது தமிழ்ப் பண்பாடன்று, பார்ப்பவர் கண்ணே.

ஆட்சியும் கல்வி நிலையமும் கோவிலும் இப்பார்வையினின்று விலகி நிற்கவில்லை. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவ மாணவியர்க்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை, கோவிலுக்கு வருவோர் உடுக்க வேண்டியவற்றை வரையறுத்து ஆணையிட்டது. 2016 தொடக்கத்தில் அவ்வாணைக்கு இடைத்தடை வந்தது. 2019-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகப் பணியாளர்க்கும் உடைநெறி வகுக்கப்பட்டது. இவை ஆடவரையும் உள்ளடக்கியவையே. ஆயினும் விதி நடைமுறைக்கு வரும்போது வாயிலில் நிறுத்தப்பட்டு மேலும் கீழும் பார்க்கப்படுபவள் பெரும்பாலும் பெண்ணே. துப்பட்டா இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் மாணவி ஒரு பாடவேளையை இழக்கின்றாள். தன் உடல் ஏதோ குற்றப்பொருள் என்னும் எண்ணத்தையும் சுமந்து வீடு திரும்புகின்றாள். அவ்விழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

2014 சூலையில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுக. சென்னையில் தமிழ்நாடு மட்டைப்பந்துக் கழகத்தின் மன்றத்தில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர் முறைமன்ற நடுவர் அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. நாடே கொதித்தது, கொதித்ததும் சரியே. தமிழன் தன் மண்ணில் தன் வேட்டியோடு நுழைய முடியாது என்பது அடிமைத்தனத்தின் எச்சம். அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், வேட்டி முதலான மரபுடை அணிந்தோரைப் பொது இடங்களில் தடுத்தல் குற்றம் எனச் சட்டம் இயற்றியது. உடையைக் காட்டி ஒருவரைத் தடுத்தல் அவர் மதிப்பைத் தாக்குவதாகும் என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. அந்நெறி வேட்டிக்கு மட்டும் உரியதாகலாமா? வேட்டி கட்டியதற்காக ஆடவனைத் தடுப்பது இழிவு என்றால், காற்சட்டை அணிந்ததற்காகப் பெண்ணைத் தடுப்பதும் இழிவே. அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவுகோல் கடுமையாகச் சோதிக்கப்படுவது திருநங்கையர், திருநம்பியர் வாழ்வில். ஆணெனக் கருதி வளர்க்கப்பட்ட குழந்தை தன்னைப் பெண்ணாக உணர்கின்றது. முதலில் கைநீட்டுவது ஒரு பாவாடையை நோக்கி, அல்லது ஒரு வளையலை நோக்கி. அந்நொடியிலேயே வீடு பகையாகின்றது. அடியும் சூடும் பூட்டிய அறையும் தொடர்கின்றன. பின் படிப்பு நிற்கின்றது, தெரு வீடாகின்றது. பிறர்க்கு உடை விருப்பமாக இருக்கலாம். இவர்க்கோ ‘நான் இன்னார்’ என்று சொல்வதற்குக் கிடைத்த முதல் மொழி அது. அம்மொழியைப் பறித்தல் நாவறுத்தலுக்கு ஒப்பாகும்.

இதனை வெளிநாட்டு இறக்குமதி என்று சிலர் ஒதுக்குவர். அவர்கள் தமிழின் தலைநூலைப் புரட்டிப் பார்ப்பாராக. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கம், திணைபால் வகுக்கும் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்து பெண்மை நோக்கி நிற்பாரை நினைவிற்கொள்கின்றது. அவர்க்கெனத் தனி ஈறு இல்லாவிடினும் உயர்திணை ஈறுகளாலேயே அவரைச் சொல்லுக என்று வகுக்கின்றது. அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை முழுநிலாவில் கூத்தாண்டவர் கோவில்முன் அவர்கள் கூடுவது நெடுநாள் வழக்கம். தமிழிலக்கணம் உயர்திணையில் வைத்தாரைத் தமிழ்க்குடும்பம் தெருவில் வைப்பது, தொல்காப்பியர்க்கே மாறுபாடன்றோ!

சட்டம் இப்பக்கம் சற்று நகர்ந்துள்ளது. 2008-இல் தமிழ்நாட்டரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது; இழிசொற்கள் வழங்கிய இடத்தில் திருநங்கை என்னும் அழகிய தமிழ்ச்சொல் அரசு ஆவணத்தில் ஏறியது. 2014 ஏப்பிரல் 15-இல் இந்திய உச்ச முறைமன்றம், ஒருவர் தம் பாலடையாளத்தை உடை, சொல், செயல், நடத்தை ஆகியவற்றால் வெளிப்படுத்துவது அரசமைப்பு காக்கும் கருத்துரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. எனினும் தீர்ப்பு தாளில் உள்ளது. அடி வீட்டில் விழுகின்றது. தாளினின்று வீட்டுக்கு அதனைக் கொண்டுசெல்ல வேண்டியவர் குமுகாயத் தொண்டரும் ஆசிரியரும் தமிழியக்கத்தாருமே.

உடையே பெண்ணுக்குத் தீங்கு வரவழைக்கின்றது, ஆகவே கட்டுப்பாடு அவள் நலத்துக்கே என்று ஒரு வாதம் உண்டு. மூடிய புடவைக்காரியும், பள்ளிச் சீருடைச் சிறுமியும், அரைஞாண் கட்டிய குழந்தையும் தீங்குக்குத் தப்பவில்லையே! குற்றத்தின் வேர் குற்றவாளியின் நெஞ்சில் உள்ளது. அதைப் பிடுங்காமல் குற்றத்துக்கு ஆளானவளின் துணியை அளப்பது, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைக் கட்டிவைப்பது போலாகும்.

இன்னொரு வாதம் சற்றே எடையுள்ளது. பெண்ணும் இளைஞரும் தாமே தெரிந்துகொள்வதாக எண்ணும் உடையைத் திரைப்படமும் விளம்பரமும் பெருவணிகரும் அன்றோ தெரிந்துகொடுக்கின்றனர் என்பர். இதில் உண்மை உண்டு. சாதியின் கட்டளைக்குப் பகரமாகச் சந்தையின் கட்டளை வந்தால் அது விடுதலையாகாது. ஆனால் அதற்கு மருந்து தடையன்று, அறிவு. எது ஏன் விற்கப்படுகின்றது என்று கேட்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊட்டினால், தெரிவு உண்மையான தெரிவாகும். தடையால் வளர்வது அச்சம். அச்சத்தில் வளர்ந்தவர் எதையும் தெரிந்துகொள்ளக் கற்பதில்லை.

உடையை விட்டால் நாளை மொழியையும் விட்டுவிடுவர் என்பது மூன்றாம் வாதம். மொழி அழிவது வேறு வழியில். பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் இடாதபோது அழியும். பள்ளியில் தமிழ் பயிற்றுமொழி ஆகாதபோது அழியும். முறைமன்றத்தில் ஏழை தன் வழக்கைத் தன் மொழியில் கேட்க இயலாதபோது அழியும். இம்மூன்றிலும் வாய்மூடிக்கிடந்துவிட்டு, மகளின் காற்சட்டையைக் கண்டு மட்டும் பொங்குபவன் தமிழைக் காக்கவில்லை. எளிதில் அடக்கக் கூடியவள் ஒருத்தியைக் கண்டுகொண்டான். அவ்வளவே.

பாவேந்தர் பிறந்த புதுவை மண், பெண்விடுதலையைப் பாட்டில் ஏற்றிய மண். பெண் தலைமுடியைக் குறைத்துக்கொள்ளலாம், ஆணைப்போல் உடுத்தலாம் என்று தந்தை பெரியார் மேடையேறிச் சொல்லிப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அவர்கள் பெயரால் விழா எடுப்போர் வீட்டிலேயே, தங்கை எதை உடுப்பதென்று அண்ணன் முடிவுசெய்யும் நிலை நீடிப்பின், மாலையும் முழக்கமும் வெறுங்கூத்து.

செய்யவேண்டுவன அரியவை அல்ல. தமிழியக்கக் கூட்டங்களில் பெண்ணுக்கு மட்டும் உடையறிவுரை கூறும் வழக்கத்தை நிறுத்துக. வேட்டியும் புடவையும் அழகென்று கருதுவோர் தாமே அணிந்து காட்டுக. பிறரை அணிவிக்க முயலற்க. ஆசிரியர், மாணவியின் துணியை அளக்கும் நேரத்தை அவள் பாடத்துக்குத் தருக. தன் பிள்ளை வேறுபாலுணர்வு கொண்டதென அறியும் பெற்றோர், கையை ஓங்குமுன் அப்பிள்ளைக்கு இவ்வுலகில் வேறு வீடு இல்லை என்பதை எண்ணுக. இழிசொல் வழங்கும் வாய்களுக்குத் திருநங்கை, திருநம்பி என்னும் சொற்களைப் பழக்குக. தூய தமிழ் என்பது பிறமொழிச் சொல்லைக் களைவதோடு பிறரைப் புண்படுத்தும் சொல்லையும் களைவதே.

தமிழ்ப்பற்று துணியில் காட்டப்பட வேண்டுமாயின் அதற்கும் வழி உண்டு. ஆண்டுக்குச் சில முறையேனும் கைத்தறித் துணி வாங்குக. விசைத்தறியின் போட்டியாலும் நூல்விலை ஏற்றத்தாலும் கைத்தறியாளர் வாழ்வு தேய்ந்துவருகின்றது. அத்துணியைப் புடவையாகக் கட்டினும், சட்டையாகத் தைப்பினும், காற்சட்டையாக வெட்டினும், கைலியாகச் சுற்றினும் நெசவாளன் அடுப்பு எரியும். அணிவது எதுவாயினும் அதனை மெய்ப்பை என்றும் காற்சட்டை என்றும் தமிழால் வழங்குக. அவ்வாறு தமிழ் உடையிலும் வாழும். உடுப்பவர் உரிமையும் வாழும்.

முத்தியால்பேட்டை போன்ற நெசவூர்கள் ஞாலத்துக்குத் துணி தந்தன. துணியோடு விலங்கைச் சேர்த்து அனுப்பவில்லை. அத்துணியை விலங்காக்கியது சாதியும் ஆணாட்சியும். அவ்விலங்கை அறுப்பது தமிழ்ப் பண்பாட்டுக்கு மாறானதன்று. மானம் என்ற சொல்லைப் பெரிதும் போற்றும் இனத்தில், ஒருவர் மானம் அவர் உடுக்கும் துணியின் நீளத்தில் இல்லை; அதைத் தாமே தெரிந்து உடுக்கும் உரிமையில் உள்ளது. அவ்வுரிமையை மகளுக்கும் மருமகளுக்கும், திருநங்கைக்கும் திருநம்பிக்கும் இன்றே வழங்குக!